ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு வாரம்

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் அதைத் தொடங்கியபோது பெயர் ஹைகிளெர்க். சேர்ந்த பிள்ளைகள் 13 பேர். இப்போதைய பெயர் 1974-இல் வந்தது. இன்று பல நாட்டுப் பிள்ளைகள், பல மதத்துப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பள்ளிக்கூடமும் ஒன்றுதான்: மணி அடிக்கும், வகுப்பு மாறும், சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும். ஆனால் இதுபோன்ற ஒரு விடுதிப் பள்ளியின் ஒரே ஒரு வாரத்தைக் கழற்றிப் பார்த்தால், கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்த மாதிரி, உள்ளே எத்தனையோ சக்கரங்கள் சுற்றுகின்றன.

திங்கட்கிழமை வருவதற்கு முன்பே கேட்டுவிடவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பள்ளி ஏன் மலை உச்சியில் இருக்கிறது? கிறிஸ்தவ மிஷன் வைத்த விடுதிப் பள்ளிகள் ஊட்டியிலும் முசூரியிலும்கூட இருக்கின்றனவே, ஏன் எல்லாமே மலைமேல்?

விடை, கொசுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. மதுரையில் இயங்கிய அமெரிக்க மிஷன்காரர்களைக் காய்ச்சலும் காலராவும் வாட்டின. முதலில் சிறுமலைக்கு ஏறிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் கூட வந்தது. பிறகு இன்னும் உயரமான பழனிமலைத் தொடருக்குப் போனார்கள். 1845-இல் அங்கே இரண்டு பங்களாக்கள் எழுந்தன. காய்ச்சல் நின்றது. கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. மேலே நல்ல காற்று இருக்கிறது, பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தார்கள். மலேரியாவைச் சுமப்பது கொசு என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மலேரியா நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்கு நோயைத் தந்துவிட முடியாது. உறிஞ்சிய ரத்தத்தில் வந்த ஒட்டுண்ணி கொசுவின் இரைப்பைச் சுவரைத் துளைத்து, அங்கே பல்கிப் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர வேண்டும். இதற்கு வெப்பம் தேவை. கொசுவுக்கென்று தனி உடல்சூடு கிடையாது. வெளியே என்ன வெப்பமோ அதுதான் உள்ளேயும். மோசமான வகை மலேரியா ஒட்டுண்ணி 16 டிகிரிக்குக் கீழே வளர்வதே இல்லை. அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு டிகிரியையும் ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் 111 சேர்ந்தால் அது முதிர்ந்துவிடும். இந்தக் கணக்குக்கு வெப்பநாள் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 28 டிகிரி அடிக்கும் சமவெளியில் ஒரு நாளைக்கு 12 வெப்பநாள் சேரும். ஒன்பது பத்து நாளில் வேலை முடிந்தது. 20 டிகிரி என்றால் 28 நாள். 17 டிகிரி என்றால் 111 நாள். கொசுவோ இரண்டு மூன்று வாரம் உயிரோடிருந்தாலே தீர்க்காயுசு. அதாவது குளிர்ந்த மலையில் கொசு இருக்கலாம், கடிக்கலாம், நோயாளியின் ரத்தத்தையும் குடிக்கலாம். ஒட்டுண்ணி முதிர்வதற்குள் கொசு செத்துப்போகும். இன்னொரு வகை மலேரியாவுக்கு ஒன்றரை டிகிரி குறைவாக இருந்தால் போதும். அதற்கும் கொடைக்கானலில் கணக்கு கூடிவருவதில்லை.

ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். பதின்மூன்று டிகிரிக்கு மேல் கழிந்துவிடுகிறது. அந்தக் கழித்தலின் மேல்தான் பள்ளி நிற்கிறது. பள்ளியின் பழைய நாட்காட்டிகூட இதன்படிதான் அமைந்தது: பெற்றோர் சித்திரை வெயிலுக்கு மேலே வருவார்கள், பிள்ளைகள் பனிக்காலத்து நீண்ட விடுமுறைக்குக் கீழே இறங்குவார்கள்.

இனி திங்கட்கிழமை. முதல் மணி அடிக்கிறது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் கலைகிறார்கள். நம்மூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் உட்கார்ந்தே இருப்பார்கள், ஆசிரியர்தான் மாறுவார். இங்கே அப்படி இல்லை. 1968-இல் ஜெனீவாவில் உருவான இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் என்னும் ஐ.பி. படிப்பை 1976-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டுவந்தது இந்தப் பள்ளிதான். ஐ.பி.யில் முதல் குரூப், இரண்டாம் குரூப் என்று பொட்டலம் கட்டித் தருவதில்லை. தாய்மொழி இலக்கியம், இன்னொரு மொழி, சமூக இயல், அறிவியல், கணிதம், கலை என்று ஆறு தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிள்ளைகளே எடுக்கவேண்டும். மூன்றை ஆழமாக, பாடத்துக்கு 240 மணி நேரம். மூன்றைச் சற்று மேலோட்டமாக, 150 மணி நேரம். போதாதென்று 4,000 சொல் வரைக்கும் போகும் ஆய்வுக்கட்டுரை ஒன்று. பள்ளியில் சொல்லித்தர ஆளே இல்லாத தாய்மொழியாக இருந்தாலும் அதன் இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானாகப் படித்துத் தேர்வெழுதலாம் என்றும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பிள்ளைக்காக ஒரு பாடம்!

இத்தனை பேரின் இத்தனை விருப்பங்களையும் ஒரு கால அட்டவணைக்குள் அடைப்பது யார்? அட்டவணை போடும் அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் என் முதல் வணக்கம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 பாட வகுப்புகள், அவற்றை வைக்க வாரத்தில் 6 நேரக் கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகுப்பையும் ஆறில் எதில் வேண்டுமானாலும் போடலாம். முப்பது ஆறுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது 22-க்குப் பின்னால் 22 பூஜ்யங்கள். நொடிக்கு 100 கோடி அட்டவணைகளைச் சரிபார்க்கும் கணினியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தால், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகள். பள்ளி திறப்பது ஆகஸ்டில்.

எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் இங்கே தந்திரம். ஒவ்வொரு பாடத்துக்கும் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பாடங்களையும் சேர்த்து எடுத்த மாணவர் ஒருவராவது இருந்தால், அந்த இரு புள்ளிகளையும் கோடு போட்டு இணையுங்கள். இப்போது புள்ளிகளுக்கு வண்ணம் பூசவேண்டும். கோட்டால் இணைந்த இரண்டுக்கும் ஒரே வண்ணம் வரக்கூடாது. ஆறே வண்ணத்தில் பூசி முடித்துவிட்டால் அட்டவணை தயார், ஏனென்றால் வண்ணம் என்பது நேரக் கட்டம்தான். கணிதக்காரர்கள் இதை வரைபட வண்ணமிடல் என்கிறார்கள். அண்டை நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் உலகப்படத்துக்கு வண்ணம் தீட்டுவதும் இதே கணக்குதான்.

படத்துக்கு நான்கு வண்ணம் போதும் என்பது நூறாண்டுக்கு மேல் நிரூபிக்கப்படாமல் கிடந்தது. 1879-இல் ஆல்ஃபிரட் கெம்பே என்ற ஆங்கில வழக்கறிஞர் நிரூபித்துவிட்டதாக எழுதினார். 1890-இல் ஒருவர் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். நிரூபணம் விழுந்தது, ஆனால் கெம்பே பயன்படுத்திய உத்தி விழவில்லை. சிக்கிக்கொண்ட இடத்தில் இரண்டு வண்ணங்களை மட்டும் எடுத்து, அவை தொடர்ந்து போகும் சங்கிலி முழுவதிலும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவது அந்த உத்தி. செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்து, “சார், எனக்குப் பொருளாதாரம் வேண்டாம், உயிரியல் வேண்டும்” என்கிறாள். உயிரியலை நகர்த்தினால் பிரெஞ்சு இடிக்கும், பிரெஞ்சை நகர்த்தினால் இசை இடிக்கும். இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய் அவிழ்ப்பதற்கு இன்றைய அட்டவணை மென்பொருள்கள் பலவும் கெம்பே சங்கிலியைத்தான் நம்புகின்றன. தோற்றுப்போன நிரூபணத்துக்கு இதைவிட நல்ல மறுபிறவி கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

ஒரு வேடிக்கை. நான்கு வண்ணத் தேற்றத்தை அமெரிக்காவில் ஆப்பெலும் ஹாக்கெனும் கணினியின் துணையோடு நிரூபித்தது 1976. கால அட்டவணைச் சிக்கலுக்கு எப்போதும் வேகமாக விடை தரும் வழி யாருக்கும் தெரியாது, அது கணினியியலின் மிகக் கடினமான சிக்கல்களின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று மூன்று ஆய்வாளர்கள் காட்டிய கட்டுரை வந்ததும் 1976. கொடைக்கானலில் ஐ.பி. தொடங்கியதும் அதே 1976. அந்தக் கடினமான சிக்கல்களின் கூட்டத்தில் ஏதாவது ஒன்றுக்கு உண்மையிலேயே வேகமான வழி கண்டுபிடித்தால் மற்ற எல்லாமும் விழுந்துவிடும். அதற்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசை அறிவித்துவிட்டுக் காத்திருக்கிறது.

மதியம் சாப்பாட்டு மணி. சமையற்கூடத்தில் இன்னொரு எதிரி: காற்றழுத்தம். இந்த உயரத்தில் அது கடற்கரையில் இருப்பதில் 78 சதவீதம்தான். மேலிருந்து அழுத்தும் காற்று குறைவானதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், சுமார் 93 டிகிரியிலேயே. சீக்கிரம் கொதிப்பது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீரின் சூடு ஏறாது. கூடுதல் தீ ஆவியாகத்தான் போகும். சென்னையில் நூறில் வேகிற பருப்பு இங்கே தொண்ணூற்று மூன்றில் வேகவேண்டும். அரிசி சமாளித்துக்கொள்ளும், அதன் மாவுச்சத்து எழுபது டிகிரியை ஒட்டியே குழைந்துவிடும். கொண்டைக்கடலையும் ராஜ்மாவும்தான் பிடிவாதம் பிடிக்கும்.

அதனால்தான் மலைநாட்டு அடுக்களையில் குக்கர் இல்லாமல் கதை நடக்காது. குக்கருக்குள்ளும் மலை புகுந்துகொள்கிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். விசில் குண்டு எழும்புவது வெளியே இருக்கும் அழுத்தத்தைவிட உள்ளே குறிப்பிட்ட அளவு கூடும்போது. வெளி அழுத்தமே குறைவு என்றால், அதே குண்டு, அதே சத்தம், ஆனால் உள்ளே சூடு குறைவு. கடற்கரையில் 120 டிகிரியில் வரும் விசில் கொடைக்கானலில் சுமார் 116 டிகிரியிலேயே வந்துவிடும். சென்னையிலிருந்து வந்த சமையல்காரர் மூன்று விசிலில் இறக்கினால் பருப்பு பல்லில் கடிபடும். ரொட்டி அடுப்பிலோ நேர்மாறான தொல்லை. ஈஸ்ட் விடும் வாயு குறைந்த அழுத்தத்தில் அதிகமாக விரிவதால் மாவு அவசரமாகப் பொங்கிவிட்டு, வேகும்போது அமுங்கும். ஈஸ்டைக் குறைத்துப் போடவேண்டும். இத்தனைக்கும் நடுவே சைவம் ஒரு வரிசை, ஹலால் ஒரு வரிசை, தவக்காலத்து வெள்ளிக்கிழமை கறி தொடாதவர்கள் ஒரு வரிசை.

புதன்கிழமை ஆலயக் கூடுகை என்று வைத்துக்கொள்வோம். கிறிஸ்தவப் பள்ளியில் வாரத்தின் அச்சாணி அது. பாட்டுக்காரர்கள் நான்கு குரலாகப் பிரிந்து நிற்கிறார்கள், ஒருவர் பியானோவில், ஒருவர் கையில் புல்லாங்குழல். காலைக் குளிர். இங்கே ஒரு சின்ன இழுபறி நடக்கும். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர், 15 டிகிரியில் 340. வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் குழலின் நீளம் மாறாது, வேகம் மட்டும் குறையும், ஆகவே சுருதி இறங்கும். கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. காது தேர்ந்தவருக்கு அது நன்றாகவே உறுத்தும். பியானோவின் எஃகுக் கம்பிகளோ குளிரில் இறுகும், சுருதி இம்மியளவு ஏறும். ஒன்று இறங்க, ஒன்று ஏற, இரண்டும் விலகிப்போகும். குழல் வாசிப்பவர் தொடங்குமுன் வாத்தியத்துக்குள் சும்மா ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தன் மூச்சுச் சூட்டால் உள்ளே இருக்கும் காற்றைக் கோடைக்குக் கொண்டுவருகிறார்.

பாடத் தொடங்கியதும் நடப்பது இன்னும் விந்தை. மூச்சை இழுக்கும்போது நம் இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், விடும்போது சற்று மெதுவாக. ஓய்வாக உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்த்தால் நீங்களே உணரலாம். இப்போது ஐம்பது பேர் ஒரே கீர்த்தனையைப் பாடுகிறார்கள். அடி முடிகிற இடத்தில்தான் எல்லாரும் மூச்சு வாங்கமுடியும். மூச்சு ஒன்றாகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு இதயங்களும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 18 வயதுப் பிள்ளைகளைப் பாடவைத்து, துடிப்பை அளந்து, 2013-இல் இதைக் காட்டினார்கள். வெறுமனே முணுமுணுத்தபோது அவ்வளவு ஒற்றுமை இல்லை. பக்திப் பாடலைச் சேர்ந்து பாடியபோது கோடுகள் ஒன்றோடொன்று இசைந்தன. கொரியப் பிள்ளைக்கும் கோட்டயத்துப் பிள்ளைக்கும் வரிகளின் பொருள் ஒரே அளவில் போய்ச்சேராமல் இருக்கலாம். மூச்சுக்கு அது தேவைப்படவில்லை.

அந்த ஐம்பது பேரில் ஒருவர் இருமுகிறார். வியாழக்கிழமை டிஸ்பென்சரியில் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். இந்த வாரத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த அறைதான், ஏனென்றால் தொற்றுநோய்க் கணிதம் படிக்கிற பலருக்கும் முதல் பாடமாக வருவதே ஒரு விடுதிப் பள்ளிதான். 1978 ஜனவரி, இங்கிலாந்து. பெயர் வெளியிடப்படாத ஆண்கள் விடுதிப் பள்ளி, 763 மாணவர்கள். விடுமுறை முடிந்து ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு சிறுவனிடமிருந்து காய்ச்சல் தொடங்கியிருக்கவேண்டும். முதல் நாள் படுக்கையில் மூன்று பேர். ஆறாம் நாள் ஏறத்தாழ முந்நூறு பேர். இரண்டே வாரத்தில் 512 பேர் விழுந்து எழுந்தார்கள். பிறகு காய்ச்சல் தானாகவே அடங்கிவிட்டது. மிச்சமிருந்த இருநூற்றைம்பது பேரைத் தொடவில்லை.

ஏன் தொடவில்லை? விளையாட்டின் விதி மூன்றே பெட்டிகளில் அடங்குகிறது. நோய் வரக்கூடியவர்கள், நோயில் இருப்பவர்கள், நோயிலிருந்து மீண்டவர்கள். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் ஆட்கள் நகர்கிறார்கள். ஆரம்பத்தில் அந்தப் பள்ளியில் ஒரு நோயாளி மூன்றரைப் பேருக்குமேல் நோயைக் கொடுத்தார் என்பது கணக்கு. ஒன்று, நான்கு, பதினான்கு, ஐம்பது என்று பாய்கிறது. ஆனால் மீண்டவர்கள் பெருகப் பெருக, இருமுகிறவனைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே நோயைப் பார்த்தவர்கள். கிருமிக்கு ஆள் தட்டுப்பாடு. ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்குக்கூடத் தரமுடியாத நிலை வந்ததும் அலை திரும்பிவிடும். கடைசி ஆள் வரை போகவேண்டிய அவசியமே இல்லை.

இந்த மூன்று பெட்டிக் கணக்கைப் பொதுவடிவில் எழுதியவர்கள் இருவர், ஆண்டு 1927. ஒருவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக். ராணுவ மருத்துவராக இந்தியாவில் பணியாற்றியவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர், கொசுவைப் பிடித்த அதே ராஸோடு 1901-இல் ஆப்பிரிக்காவுக்கு மலேரியாப் பயணம் போனவர். இன்னொருவர் வில்லியம் கெர்மாக், வேதியியலாளர். 1924-இல் சோதனைச்சாலை வெடிப்பில் இரு கண்ணையும் இழந்தவர். ஒரு பக்கம் நிறையச் சமன்பாடுகளை மனத்திலேயே வைத்து நகர்த்தியிருக்கிறார். அவர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டது பம்பாய் பிளேக் மரணப் பட்டியலை வைத்து.

இதைத் தெரிந்துகொண்டு டிஸ்பென்சரி நர்ஸைப் பார்த்தால் மதிப்பு கூடிவிடும். அவர் செய்வது எளிய வேலை: இருமும் பிள்ளையைத் தங்குமறைக்கு அனுப்பாமல் தனிக்கட்டிலில் படுக்கவைக்கிறார், சாப்பாட்டுக்கூடத்துக்கு விடுவதில்லை. ஒவ்வொரு நோயாளியும் சந்திக்கும் ஆட்களை நான்கில் ஒரு பங்காக்கினால் மூன்றரை என்பது ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். மூன்று கட்டில்களோடு கதை முடிந்துவிடும், அப்படி ஒரு கதை இருந்ததே யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை எல்லாப் பிள்ளைகளும் தூங்கி வழிகிறார்கள். விடுதிக் காப்பாளர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள். உண்மையில் பருவ வயதில் மூளை தூக்க இயக்குநீரான மெலடோனினைச் சுரக்கும் நேரம் ஓரிரு மணி தள்ளிப்போகிறது. பத்து மணிக்கு விளக்கை அணைத்தாலும் பதினொன்றரைக்குத்தான் கண் சொருகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளைக் காலை எட்டரைக்கு முன் தொடங்காதீர்கள் என்றே சொல்லிவிட்டது. திங்கள் முதல் வெள்ளிவரை சேர்ந்த தூக்கக் கடன் சனிக்கிழமை காலை அடைபடும். இந்த விஷயத்தில் நான் பிள்ளைகள் கட்சி.

சனிக்கிழமை மதியம் அதே பிள்ளைகள் கால்பந்துத் திடலில் ஓடுவதைப் பார்க்கவேண்டும். புதிதாகச் சேர்ந்தவன் பத்து நிமிடத்தில் மூச்சிரைத்து நிற்பான்; ஒவ்வொரு மூச்சிலும் அவனுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஊரில் கிடைத்ததில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். ஆனால் அவனுடைய சிறுநீரகம் முதல் சில மணி நேரத்திலேயே இந்தக் குறையை மோப்பம் பிடித்திருக்கும். அது எரித்ரோபாய்டின் என்னும் செய்தியாளனை ரத்தத்தில் அனுப்பும். எலும்பு மஜ்ஜை சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும். சில வாரங்களில் அவனும் மற்றவர்களோடு ஓடுவான். நீண்டதூர ஓட்டக்காரர்கள் ரத்தத்தை இப்படித் தேற்றிக்கொள்வதற்காகவே தேடிப்போய்த் தங்கும் உயரம் 2,000 முதல் 2,500 மீட்டர். இந்தப் பிள்ளைகள் கணக்குப் போடுவதும் பாத்திரம் கழுவுவதும் அந்த உயரத்தில்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, மாலையில் வீட்டுக்குத் தொலைபேசி. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம், அது மிர்சாபூரை ஒட்டிச் செல்லும் தீர்க்கரேகையின் கடிகாரம். கொடைக்கானல் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு இருபதுக்கு. இந்த இருபது நிமிடப் பொய்யை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கோடைகாலத்தில் மாலை ஏழு மணிக்கு விடுதி வராந்தாவில் நின்று கேளுங்கள்: சியோலில் இருக்கும் அம்மா பத்தரை மணிக்குக் கொட்டாவி விடுகிறார், துபாயில் அப்பா ஐந்தரை மணித் தேநீர் குடிக்கிறார், சிகாகோவில் பாட்டி எட்டரை மணிக் காலை உணவில் இருக்கிறார். இருபதடி வராந்தாவில் பதினான்கு மணி நேரம் பரவிக் கிடக்கிறது.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி முதலில் யோசித்தவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசிம். 1950-களில் கணவரோடு இந்தியா வந்து, இங்கே வேலை செய்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தார். பெற்றோரின் நாட்டுப் பண்பாடு ஒன்று, வாழும் நாட்டின் பண்பாடு ஒன்று. பிள்ளைகளோ இரண்டிலும் முழுதாகச் சேராமல், தங்களைப் போன்றவர்களோடு சேர்ந்து மூன்றாவதாக ஒன்றில் வாழ்வதைக் கவனித்தார். மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று அவர் சொன்னது இன்று உலகமெங்கும் புழங்குகிறது. ஆதாரம் தேடி அவர் வந்த நாடு இந்தியா என்பது நமக்கே அதிகம் தெரியாது.

பதினான்கு மணி நேரம் பரவிய இந்த உலகம் மே மாதத்தில் ஐ.பி. தேர்வை நடத்துகிறவர்களுக்குத் தலைவலி. கொடைக்கானலில் பிற்பகல் ஒரு மணிக்கு வினாத்தாளைப் பிரிக்கும்போது நியூயார்க்கில் விடியற்காலை மூன்றரை; அங்கே பிள்ளைகளை எழுப்பித் தேர்வெழுதச் சொல்லமுடியாது. ஆகவே உலகத்தை நேர மண்டலங்களாகப் பிரித்து, சூரியன் போகிற போக்கில் கிழக்கிலிருந்து மேற்காகத் தேர்வு நகர்கிறது. கிழக்கே எழுதி முடித்து, குளித்து, சாப்பிட்டுவிட்டவர்களுக்கு விடை தெரியும். மேற்கே இன்னும் விடியவில்லை. 2024 மே மாதத்தில் சிலர் இந்த இடைவெளியில் வினாக்களை இணையத்தில் கசியவிட்டு மாட்டிக்கொண்டார்கள். தடுப்பு இதுதான்: தேர்வு முடிந்து 24 மணி நேரத்துக்கு வினாத்தாளைப் பற்றி வெளியே யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. டொராண்டோவில் அதே ஐ.பி. எழுதும் சித்தி மகளிடம் வானிலையைப் பற்றிப் பேசலாம், சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம், வேகாத பருப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வேதியியல் மட்டும் வரக்கூடாது.